வெனிலாவுக்கு ஒரு படுக்கையறை

சைரன் அலறியது.

தீயணைப்பு வண்டி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டதுபோல ஓர் அலறல். எசன்ஸ்காரர் மனைவியின் கையிலிருந்த டீக் கோப்பை சாய்ந்து பாதி டீ மேஜை விரிப்பில் கொட்டியது. மேல்வீட்டுக் குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னத்தில் சோப்பு நுரையுமாக எசன்ஸ்காரர் ஓடிவந்து, சோபா இடுக்கில் கிடந்த செல்போனைக் குடைந்து எடுத்தார்.

"வந்துடுச்சு! ஏய், வந்துடுச்சுடி!"

"யாரு?"

"புயல்!"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எதிர் மாடியில் உலர்த்திய துணிகள் அசையக்கூட இல்லை.

"இங்க இல்லடி, அங்க! மடகாஸ்கர்ல. கிழக்குக் கரைக்கு நேரா வருதாம். இன்னைக்கு சாயங்காலம் கரையைத் தொடும்னு போட்டிருக்கான். அதுக்குத்தானே இந்த அலாரத்தை வச்சேன்!" நுரையோடு சிரித்தார். "பெரிய புயலாம்!"

"பல்லைக் காட்டாதீங்க" என்றாள் அவள். "அங்க மனுஷங்க இருக்காங்க. ஊரு அழியறதுக்கு அலாரம் வச்சு எழுந்திரிக்கிற ஒரே ஆளு நீங்கதான்."

"நான் வேண்டிக்கிட்டா வருது? அது பாட்டுக்கு வருது. வர்றது நமக்கு உதவட்டுமேன்னு சொல்றேன்."

"போய் மீதி மூஞ்சியை மழிங்க. பாதி யோக்கியன் மாதிரி இருக்கு."

எசன்ஸ்காரர் என்பது தெரு வைத்த பெயர். கீழே கடை, மேலே வீடு. கேக் கடைகளுக்கும் ஐஸ்கிரீம் கடைகளுக்கும் வேண்டிய எசன்ஸ், கோகோ, சாயப்பொடி, பேக்கிங் அட்டை எல்லாம் கடையில் கிடைக்கும். பெரிய லாபமும் இல்லை, பெரிய தலைவலியும் இல்லை என்று ஓடிக்கொண்டிருந்த வியாபாரம். தலைவலியை அவர்களாகத்தான் வாங்கினார்கள்.

வாங்கியது வெனிலா. பாட்டிலில் வரும் எசன்ஸ் அல்ல, நிஜ வெனிலா. கறுத்து மெலிந்த காய்கள், எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கும். ஓர் ஆர்க்கிட் கொடியில் காய்ப்பவை. கொடிக்குப் பூர்வீகம் மெக்சிகோ. மடகாஸ்கரில் அதன் மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி கிடையாது. மனிதன்தான் குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாகச் சேர்த்துவைக்க வேண்டும். பூ ஒரே ஒரு நாள்தான் விரியும். அன்றைக்குத் தவறினால் காய் இல்லை. காய் முற்ற ஒன்பது மாதம். இத்தனை பாடுபட்டு உலகத்து வெனிலாவில் பெரும்பங்கை விளைவிப்பது அந்த ஒரு தீவு. அங்கே ஒரு புயல் அடித்தால் உலகம் முழுக்க ஐஸ்கிரீம் கம்பெனிகளுக்குக் காய்ச்சல் வரும்.

சில வருடங்களுக்கு முன் அப்படித்தான் நடந்தது. புயல் அடித்து, விலை ஏறி, வெனிலா வெள்ளியைவிட விலை உயர்ந்த பொருளாகிவிட்டது. எசன்ஸ்காரர் அப்போது வாயைப் பிளந்து வேடிக்கை மட்டும் பார்த்தார். போன வருடம் விலை மறுபடி மேலே போகத் தொடங்கியதும், இந்த முறை விடக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி பகலாகப் பேசி முடிவெடுத்தார்கள். கடைச் சேமிப்பு போதவில்லை.

"அக்கா பணம் பேங்க்ல சும்மாதானே தூங்குது?" என்று கேட்டது அவர் அல்ல, அவள்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வந்த தொகையைத் தங்கையிடம் கொடுத்து, "எனக்கு இந்த வட்டிக் கணக்கெல்லாம் புரியாதுடி. நீ வியாபாரம் பண்றவ, பத்திரமா எங்கயாவது போட்டு வை" என்றாள். அவள் போட்டு வைத்தாள், வெனிலாவில்.

அதற்குப் பிறகு விலை இறங்கிய வேகத்தை லிஃப்ட் அறுந்து விழுவதோடுதான் ஒப்பிட வேண்டும். முந்தைய விலை உயர்வில் மயங்கி ஆளாளுக்கு நட்டிருந்த கொடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்துத் தொலைத்தன. வாங்கிய விலையில் கால்வாசிக்குக்கூட ஆள் இல்லை.

தங்கம் வாங்கியிருந்தால் பீரோவில் பேசாமல் கிடந்திருக்கும். வெனிலா அப்படிக் கிடக்காது. வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, காற்றும் அளவாகத்தான் வேண்டும். வீட்டிலேயே குளுமையான இடம் படுக்கையறைதான் என்பதால் கட்டிலைப் பிரித்து மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, மெழுகுத்தாள் சுற்றிய தகர டப்பாக்களை உள்ளே அடுக்கினார்கள். தம்பதி ஹாலில் பாய்க்கு மாறினார்கள். "எங்கம்மா வந்தப்போகூட அந்த ரூமை விட்டுக்கொடுக்கல நீ" என்று எசன்ஸ்காரர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவள் இன்னொரு டப்பாவை உள்ளே தள்ளினாள்.

வாரம் தவறாமல் டப்பாக்களைத் திறந்து, கட்டுகளைப் பிரித்து, பூஞ்சை பிடித்த காயை எடுத்துவிட்டு, மற்றவற்றைத் துடைத்து அடுக்கவேண்டும். ஒரு காய் கெட்டால் கட்டே கெடும். எல்லாம் செய்தும், ஒவ்வொரு வாரமும் தராசில் எடை கொஞ்சம் குறைந்தது. காய் உலர்ந்துகொண்டே வந்தது. அக்காவின் பணம் வாசனையாக மாறி ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

முகத்தை மழித்து முடித்த எசன்ஸ்காரர் முதல் வேலையாகத் தரகருக்குப் போன் போட்டார். வெனிலா வாங்கி விற்பதில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷர். ஸ்பீக்கரில் அவருடைய இருமல் முதலில் வந்தது.

"பாத்துட்டேன், பாத்துட்டேன். காலையிலிருந்து நாப்பது பேர் கூப்பிட்டாச்சு. உங்க சரக்கு எப்படி, பூஞ்சை கீஞ்சை?"

"பொன்னு மாதிரி வச்சிருக்கோம்."

"அப்ப சரி. புயல் கரையைத் தொட்டுடுச்சுன்னா உடனே போன் பண்ணுங்க, போட்ட காசை முழுசா எடுத்துத் தர்றேன். தொடலைன்னா..." இருமினார். "தொடலைன்னா போனே பண்ணாதீங்க."

எசன்ஸ்காரர் போனை வைப்பதற்கும் வாசல் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த அக்கா, செவ்வாய்க்கிழமையே பெட்டியோடு நின்றாள்.

"என்னடி முழிக்கிற? வரக்கூடாதா?"

"ஐயோ, வாக்கா. வெள்ளிக்கிழமைதானே வீட்டுப் பத்திரப்பதிவு?"

"பதிவு வெள்ளிக்கிழமைதான். அதுவரைக்கும் பையன் வீட்ல இருக்க முடியல." செருப்பைக் கழற்றிக்கொண்டே அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து மருமக ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்டுட்டா. பிள்ளைங்க சாக்லேட் திருடுதாம். வீட்ல இருக்கிற ஒரே பிள்ளைக்கு எட்டு மாசம். ஊர்ந்து போய் ஃப்ரிட்ஜைத் திறக்குமா? ... அதை விடு, என்ன இது, வீடே ஐஸ்கிரீம் கடை மாதிரி மணக்குது!"

அவள் சிரிக்க முயன்றாள்.

அக்கா வாங்கப்போவது ஒற்றை அறை வீடு. சமையலறையில் நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும். மூன்றாவது மாடி. லிஃப்ட் எப்போதாவது வேலை செய்யும். இதையெல்லாம் அரண்மனையை வர்ணிப்பதுபோல வர்ணித்துவிட்டு, கடைசியில் அக்கா சொன்னாள்:

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குடி. நல்ல கனமான தாழ்ப்பாள். அதைப் போட்டுட்டு நான் பாட்டுக்கு உள்ள இருப்பேன். பையன் வீட்டுக்குப் போனதுலேருந்து ஒரு ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினதே இல்ல, தெரியுமா? ஹால்லதான் படுக்கை. ஆளாளுக்குத் தாண்டிப் போவாங்க."

"தெரியும்க்கா."

"வெள்ளிக்கிழமை மீதிப் பணம் கொடுக்கலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவானாம். வரிசையில நிக்கிறாங்களாம். நீதான் இருக்கியே, எனக்கென்ன பயம்! பேங்க்ல எடுக்க ஏதாவது கையெழுத்து போடணுமா?"

"இல்லக்கா. நான் பாத்துக்கறேன்."

பெட்டியை வைப்பதற்காக அக்கா படுக்கையறைக் கதவைத் திறந்தாள். தரையிலிருந்து தலை உயரத்துக்குத் தகர டப்பாக்கள் அடுக்கியிருந்தன. "அடேயப்பா! கட்டிலைக் காணோம்?"

"சரக்குக்கா. ஆர்டர் சரக்கு."

"வியாபாரம் நல்லாப் போகுதுன்னு சொல்லு!" அக்கா தங்கையின் கன்னத்தைக் கிள்ளினாள். "படுக்க இடமில்லாத அளவுக்குச் சம்பாதிக்கிறீங்க. கண்ணு படாம இருக்கட்டும்."

ஹாலில் எசன்ஸ்காரர் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் நீலக் கடல். நடுவில் வெள்ளையாக ஒரு சுழி, மாவு பிசையும் இயந்திரத்துக்குள் பார்ப்பதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் தீவுக்கும் நடுவில் ஒரு விரற்கடை தூரம்.

"வா... அப்படியே வா... தெற்கே திரும்பாத... மேற்கே, மேற்கே..."

"மேட்சா தம்பி?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

எசன்ஸ்காரர் துள்ளி எழுந்தார். "இல்லக்கா... புயல். மடகாஸ்கர்ல. அங்க ஒரு தோட்டக்காரர், அவர்கிட்டதான் நாங்க சரக்கு வாங்கறோம். குடும்பத்தோட பழக்கம். அதான்... கவலையா..."

அக்காவின் முகம் மாறியது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தட்டினாள். "என் பையன் வீட்ல நான் ஹால்ல காய்ச்சல்ல கிடந்தா குனிஞ்சு பார்க்க ஆளில்ல. நீங்க என்னடான்னா கடல் தாண்டி இருக்கிறவனுக்காகக் காலையிலேருந்து சாப்பிடாம உக்காந்திருக்கீங்க. என் தங்கச்சி கொடுத்து வச்சவ."

எசன்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சமையலறை வாசலில் நின்ற அவள், உள்ளே போய் எதற்கென்று தெரியாமல் குழாயைத் திறந்து மூடினாள்.

மத்தியானம் தோட்டக்காரரே கூப்பிட்டார். வீடியோ அழைப்பு.

சரக்கு வாங்கியதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவார். அவருக்கும் இவர்களுக்கும் பொது மொழி அரைகுறை ஆங்கிலம்தான். அதை வைத்துக்கொண்டே அவர் மகளுக்கு ஊசி போட்டது முதல், வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை போட்டது வரை பேசியாகிவிட்டது. அவளை அவர் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தீவில் திருட்டுக்குப் பயந்து, காய் பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொரு தோட்டக்காரரும் ஊசியால் தன் அடையாளத்தைக் குத்திவைப்பார். காய் கறுத்துச் சுருங்கின பிறகும் அந்தத் தழும்பு இருக்கும். அவருடைய அடையாளம் மூன்று புள்ளியும் ஒரு கோடும். டப்பாக்களைத் துடைக்கும்போதெல்லாம் அவள் விரல் அதில் தட்டுப்படும்.

திரையில் படம் ஆடியது. சாம்பல் நிற வானம். தகரக் கூரையின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, கயிற்று நுனிகளில் பாறாங்கற்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். மகள், ஏழெட்டு வயதுப் பெண், ஒரு கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சிஸ்டர், நாங்க பள்ளிக்கூடத்துக்குப் போறோம். அது கான்கிரீட் கட்டடம்" என்றார் தோட்டக்காரர். காற்று அவர் வார்த்தைகளைப் பாதியில் பிடுங்கியது. "போன் அப்புறம் வேலை செய்யாது. அதான் இப்பவே கூப்பிட்டேன். எங்களுக்காக வேண்டிக்கோங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ தேசத்து நோயாளிகளைத் தேற்றிய குரலில், "நல்ல தண்ணி எடுத்துக்கோங்க. பொண்ணுக்குக் காதுல பஞ்சு வைங்க, சத்தத்துல பயப்படும். கோழியையும் கூட்டிட்டுப் போங்க, அப்பத்தான் அவ அழமாட்டா" என்றெல்லாம் சொன்னாள். பாதி புரிந்ததோ என்னவோ, அந்தப் பெண் கோழியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தது.

எசன்ஸ்காரர் எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போன் தங்கையிடம் வந்தது. அவள் அந்தக் கூரையைப் பார்த்தாள். கூரைக்குப் பின்னால், மரங்களில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்த கொடிகளைப் பார்த்தாள்.

"கொடியெல்லாம் தாங்குமா?" என்று கேட்டாள்.

"பெரிய காத்துன்னா தாங்காது சிஸ்டர். இங்க மட்டும் இல்ல, இந்தக் கரை முழுக்கப் போயிடும். திரும்ப நட்டுக் காய்க்க மூணு வருஷம் ஆகும்." தோட்டக்காரர் திரும்பிக் கொடிகளைப் பார்த்தார். "வேண்டிக்கோங்க."

"வேண்டிக்கறேன்."

படம் உறைந்து நின்று, அணைந்தது.

அக்கா அங்கேயே கைகூப்பி, "வாடி, ரெண்டு பேருமா வேண்டிக்கலாம்" என்றாள். தங்கை கண்ணை மூடினாள். அந்தப் பெண்ணை நினைக்கப் பார்த்தாள். கோழியை நினைக்கப் பார்த்தாள். கண்ணுக்குள் வந்து நின்றது ஒரு கனமான தாழ்ப்பாள்.

படுக்கையறையில் எசன்ஸ்காரர் டப்பாக்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"அலாரத்தை எடுத்துட்டேன்" என்றார். "அந்தப் பொண்ணு சிரிச்சதைப் பார்த்தியா? காலையில நான் நுரையோட நின்னு குதிச்சேனே... நான் மனுஷனாடி?"

"மெதுவாப் பேசுங்க. அக்கா காதுல விழும்."

"விழட்டும். நானே சொல்லிடறேன். பணம் இல்லக்கா, வெனிலாவாத்தான் இருக்குன்னு."

"சொல்லுங்க!" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "உன் வீடு டப்பாக்குள்ள இருக்கு, வேணும்னா மோந்து பாத்துக்கோன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் அவ எங்க போவா? பூட்டுப்போட்ட ஃப்ரிட்ஜு பக்கத்துல போய்ப் படுப்பாளா?"

"கடையை வித்துக் கொடுப்போம்."

"வாடகைக் கடையில எதை விப்பீங்க? போர்டையா? அதுல ஒரு எழுத்து ஏற்கெனவே விழுந்தாச்சு."

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"காலையில நீதானே என்னைத் திட்டின?" என்றார் எசன்ஸ்காரர், குழப்பத்தோடு. "அங்க மனுஷங்க இருக்காங்கன்னு நீதானே..."

"திட்டினேன். இப்ப என்ன அதுக்கு?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க கான்கிரீட் கட்டடத்துக்குப் போயாச்சு. உசுருக்கு ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அதற்குள் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் அந்த வெள்ளைச் சுழி தீவுக்கு வெகு அருகில் வந்து, நகராமல் நின்றது. அக்கா ரொட்டியும் சூப்பும் செய்து எல்லோரையும் வற்புறுத்திச் சாப்பிட வைத்தாள். பிறகு ஹாலில் தங்கையின் பாயில் படுத்து, வாங்கப்போகும் வீட்டின் சமையலறையில் அலமாரி எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டே தூங்கிப்போனாள். எசன்ஸ்காரர் திரை பக்கமே வரவில்லை. லேப்டாப் இப்போது அவள் மடியில் இருந்தது.

விடிந்ததும் அக்காவின் கூச்சல்தான் எசன்ஸ்காரரை எழுப்பியது.

"தம்பி! போன்ல ஃபோட்டோ வந்திருக்கு பாருங்க!"

பள்ளிக்கூட வாசல். தோட்டக்காரர், மனைவி, மகள், கோழி. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. புயல் கரைக்குப் பக்கத்தில் வந்து, தெற்கே வளைந்து, கடலுக்குள்ளேயே போய்விட்டது. மழை மட்டும்தான். கூரை இருக்கிறது. கொடி இருக்கிறது. வேண்டிக்கொண்டதற்கு நன்றி சிஸ்டர்.

"கேட்டுடுச்சு பாத்தியா! நாம வேண்டினது கேட்டுடுச்சு!" அக்கா தங்கையைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினாள். தங்கையின் கைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. "ராத்திரி முழுக்க நீ தூங்கவே இல்லபோல. கண்ணெல்லாம் பாரு! இரு, சூடா டீ போட்டுட்டு வரேன். நல்ல சேதிக்குச் சர்க்கரை தூக்கலாப் போடறேன்."

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தத்தோடு அக்காவின் பாட்டும் கேட்டது.

எசன்ஸ்காரர் அந்த ஃபோட்டோவைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, திரும்பத் திரும்பப் பார்த்தார். அழுதுகொண்டே சிரித்தார். பத்து வருஷம் குறைந்தவர்போல இருந்தது அவர் முகம். தரகர் சொன்னது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"நிம்மதியா இருக்குடி. பிழைச்சோம். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்றார். "இப்பவே போய் அக்கா கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். கோபப்படட்டும், அடிக்கட்டும். அந்த வீடு போனா, இந்த ரூமைக் காலி பண்ணித் தாழ்ப்பாள் போட்டுத் தரேன். நம்மகூடவே இருக்கட்டும்."

இரண்டடி வைத்தவரின் சட்டைக் கையை அவள் பிடித்து நிறுத்தினாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. ராத்திரி முழுவதும் அணைக்காத லேப்டாப் திரையில், தீவைத் தாண்டி, கடலின் வலது ஓரத்தில் அவள் விரல் ஊன்றியிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க. பின்னாடியே இன்னொண்ணு உருவாகுதுன்னு போட்டிருக்கான்."